அம்மாவுக்குக் கோணேசர், பிள்ளைகளுக்குக் கடல், எனக்குத் துறைமுகம்

திருகோணமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ அறை எடுத்து, கடற்கரையிலேயே இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடல் குளிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அது சரி. ஆனால் ஊரையும் பார்க்க வேண்டும், வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும், கூடவே முழங்கால் வலியோடு அம்மாவும் துள்ளிக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால், டவுனுக்குள்ளேயே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் அப்படித்தான் தங்கினோம். நினைத்ததைவிட அதிகமாகப் பார்த்தோம், குறைவாகச் செலவழித்தோம், முக்கியமாக யாரும் களைத்துப் போகவில்லை.

நாங்கள் ஹட்டன் பக்கத்து ஆட்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எங்கள் சேர் கரும்பலகையில் இலங்கைப் படத்தைக் கீறி, கிழக்குக் கரையில் ஓரிடத்தில் மட்டும் சோக்கை அழுத்தி ஒரு குடாவை வரைந்தார். உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்றார். ஒரு மலையைத் தாண்டினால் இன்னொரு மலைதான் என்று வளர்ந்த எனக்கு அந்தக் குடா மனதில் ஒட்டிக்கொண்டது. அது யுத்த காலம். அந்தப் பக்கம் போவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவே மாட்டார்கள். 2009க்குப் பிறகு பாதை திறந்தது. ஆனால் கல்யாணம், பிள்ளைகள், அப்பாவின் சுகமின்மை, அப்புறம் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று ஒவ்வொன்றாக வந்து பயணம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் ஓர் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கிளம்பியபோது ஆளுக்கொரு ஆசை. அம்மாவுக்குக் கோணேசரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல். வீட்டுக்காரருக்கு, ஐஸில் கிடக்காத மீன். எனக்கு அந்தத் துறைமுகம்.

காலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். நம் மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் நல்ல வெயில், கடல் அமைதி. நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றோடு மழை வரும். கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் படகும் போகாது. ஆகஸ்டில் போனால் கடலுக்குக் குறையில்லை. ஆனால் மத்தியானத்தில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும், பாருங்கள், அது முகத்தில் சூடாகவே வந்து மோதும். எங்களைப் போல குளிர் தேசத்து ஆட்களுக்குப் பகல் பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை வெளியே வேலையே இல்லை. அதனால் எங்கள் ஒழுங்கு இதுதான்: விடியும்போதே வெளிக்கிட வேண்டும், வெயில் ஏறுமுன் அறைக்குத் திரும்ப வேண்டும், சாப்பிட்டுத் தூங்க வேண்டும், நாலு மணிக்கு மேல் மறுபடி கிளம்ப வேண்டும். டவுனில் தங்கியதால்தான் இது சாத்தியமானது. தூரத்தில் தங்கியிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கே காசு கரைந்திருக்கும்.

ஹட்டனிலிருந்து நேராகப் போவதைவிட கண்டிக்கு வந்து, குட்செட் பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ் ஏறுவது வசதி. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் போகும். தம்புள்ளைக்கு அப்புறம் குளிர் எல்லாம் போய், ஜன்னலில் காட்டு வாசம் வரும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவே காட்டு யானைகள் ரோட்டுக்கு வரும் இடங்கள் உண்டு. சொந்த வாகனத்தில் போகிறவர்கள் பொழுது சாயுமுன் அந்தப் பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. யானையைக் கண்டால் இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம். வாழைப்பழம் நீட்டவும் வேண்டாம், அதனால்தான் யானைகள் ரோட்டோரத்திலேயே நின்று பழகுகின்றன. கந்தளாயில் குளக்கட்டு ஓரமாகப் போகும்போது அம்மா விழித்துக்கொண்டார். நம் ஆட்கள் குளக்கோட்டன் கட்டிய குளம் என்பார்கள்; வரலாற்றில் இரண்டாம் அக்கபோதி மன்னன் பெயரைச் சொல்வார்கள். யார் கட்டியிருந்தாலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் உண்டு. கல்ஓயா சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வரும் பாதை அது. ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொண்டு டிக்கட் எடுங்கள்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபம். கிழக்கே டச்சுக் குடா, வடக்கே பின்குடா, மேற்கே உள்துறைமுகம். மூன்று பக்கமும் தண்ணீர், நடுவில் டவுன், கிழக்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் சுவாமிமலை. ஒரே ஊரில் காலையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம், மாலையில் மறுபக்கம் நடந்துபோய் தண்ணீருக்கு மேலே மறைவதையும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடந்தே போகலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

கோணேசர் கோயில் அந்தச் சுவாமிமலையில், ஒரு கோட்டைக்குள் இருக்கிறது. தெரியாதவர்கள் வாசலில் இராணுவத்தைப் பார்த்ததும் தயங்கி நிற்கிறார்கள். தயங்க வேண்டாம், எல்லோரும் போகும் வழிதான். வாகனத்தை எதுவரை விடுகிறார்கள் என்பது ஒவ்வொரு சமயமும் மாறும், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவர்கள் நடந்தே ஏறுங்கள். இரண்டு பக்கமும் பழைய மரங்கள், நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். இந்த மான்கள் டவுனுக்குள்ளும், பஸ் நிலையம் வரைக்கும் வந்து மேயும். பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டோடு ஓடுவார்கள், தடுத்துவிடுங்கள். பிஸ்கட்டோடு பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.

கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். அவசரத்தில் போகிறவர் கண்ணில் படாது. 1622இல் போர்த்துக்கேயர் மலையிலிருந்த பெரிய கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கோயில் கல் கோட்டைச் சுவரில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலுக்கு உள்ளே போகும் முன்பே அவருக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மேலே போனதும் பெரிய சிவன் சிலை, அதைத் தாண்டிக் கோயில். சம்பந்தர் தேவாரம் பாடிய தலம். ஆனால் நாம் இன்று பார்க்கும் கட்டடம் புதியது. 1963இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு வழி செய்தது ஒரு கிணறு. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், பார்வதி, சந்திரசேகரர், பிள்ளையார் என்று சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. கோயில் இடிபட்ட நேரத்தில் யாரோ பக்தியோடு புதைத்து வைத்தவை. முந்நூறு வருடத்துக்கு மேல் அவை கிடந்த மண்ணின் மேல் ஜனங்கள் நடந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் சுழியோடியபோது பழைய கோயிலின் தூண்களும் கற்களும் கண்ணில் பட்டன. இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்த விளிம்பில் நின்று கீழே பார்த்தால், கடல் வேறு மாதிரித் தெரியும். தண்ணீரின் நிறம் அப்படி ஒரு நீலம். பக்கத்தில் மலை பிளந்து நிற்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். அங்கே மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

காலைப் பூசைக்கே போய்விடுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டிய தரை, ஒன்பது மணிக்கெல்லாம் சுட ஆரம்பிக்கும். முதியவர்களுக்கு அது பெரிய சோதனை. அம்மாவுக்கு மாதுமை அம்மாள் சந்நிதியில் நிறைய நேரம் இருக்க முடிந்தது, கூட்டமில்லாததால். வெள்ளிக்கிழமையும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் சனம் நிறைந்துவிடும், வாரநாளில் போவது நிம்மதி. குரங்குகள் அர்ச்சனைத் தட்டில் கண் வைத்திருக்கும், தேங்காய் பழத்தைப் பைக்குள் வைத்தே கொண்டுபோங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து மீன் என்றால் லொறியில் ஐஸ் போட்டு வந்து, அப்புறம் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஏறி, தோட்டத்து லய வீட்டு வாசலுக்கு வரும்போது அதற்குக் கண்ணே வெளுத்திருக்கும். புளியும் மிளகாயும் அள்ளிப் போட்டுத்தான் குழம்பு வைப்போம். அதனால் வீட்டுக்காரரின் ஆசை எனக்கு நன்றாகப் புரிந்தது. அடுப்படி உள்ள வீடாகப் பார்த்து ஓர் அறை எடுத்தோம். வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொன்னார்: “மகள், மீனைச் சந்தையில வாங்காதீங்க. விடிய எழும்பி வலையடிக்குப் போங்க.”

போனோம். கரைவலை இழுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடலுக்குள் படகில் கொண்டுபோய் வளைத்து விட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து, இடுப்பில் கொடுத்து, ஒரே தாளத்தில் பின்னால் நடந்து நடந்து இழுக்கிறார்கள். வரிசையின் கடைசிக்கு வந்தவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் தண்ணீரில் இறங்கிப் பிடிக்கிறார். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வருகின்றன. என் மகன் ஒரு வரிசையில் போய் ஒட்டிக்கொண்டான். யாரும் விரட்டவில்லை, “இழு தம்பி இழு” என்றுதான் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே வெள்ளி கொட்டிக் கிடந்த மாதிரி சூடை மீன், நெத்தலி, நடுவில் கொஞ்சம் பாரைக் குஞ்சும் கணவாயும். கணவாயின் தோலில் புள்ளிகள் பெரிதாகிச் சிறிதாகி நிறம் மாறிக்கொண்டே இருந்தன. மீன் துள்ளும் சத்தம் மணலில் மழை விழுவதைப் போல இருந்தது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரித்து, வியாபாரிகள் எடுத்த பிறகு நம்மைப் போன்றவர்களுக்கும் கொடுப்பார்கள். அவசரப்படக் கூடாது. இழுத்தவர்களுக்குரிய பங்கு முதலில் போகட்டும், அதுதான் முறை. சில்லறை நோட்டாகக் காசு கொண்டுபோங்கள், ஒரு பையும் வேண்டும். விலை கேட்டால் நியாயமாகத்தான் சொல்கிறார்கள். அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை.

அன்றைய மத்தியானச் சாப்பாட்டை நான் மறக்க மாட்டேன். வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். சூடை மீனைச் செதில் எடுத்து, மஞ்சளும் உப்பும் மிளகுத்தூளும் மட்டும் தடவிப் பொரியல். பாரைக்குச் சின்ன வெங்காயம், வெந்தயம், கொறுக்காய்ப்புளி, கடைசியில் முதல் தேங்காய்ப்பால். “பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீங்க மகள், ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்க,” என்றார். மீன் புதிது என்றால் மசாலா குறைய வேண்டும் என்பதை அந்தச் சட்டியில்தான் நேராகக் கற்றுக்கொண்டேன். நாங்கள் வீட்டில் போடும் மிளகாயில் பாதிகூட இல்லை, ஆனால் மீனின் இனிப்பு நாக்கில் தெரிந்தது. மீனில் முள் பார்த்துக் கொடுக்க வேண்டிய என் மகள், தானே முள் எடுத்துச் சாப்பிட்டாள்.

நண்டு தின்ன ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கறியாகக் கோப்பையில் தருகிறார்களா, நிறை பார்த்துக் கிலோவுக்குக் காசு எடுக்கிறார்களா என்று உட்காருமுன் கேளுங்கள். கடற்கரை ஓரக் கடைகளில் பெரும்பாலும் நிறைக் கணக்குத்தான், தொகை ஏறிவிடும். டவுன் சாப்பாட்டுக் கடைகளில் சோற்றோடு நண்டுக் கறி கேட்டால் முருங்கை இலை போட்டுக் காரமாகத் தருவார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. காலையில் இடியப்பம், சொதி, சம்பல் எந்தக் கடையிலும் நம்பிச் சாப்பிடலாம். ஏழரைக்கு முன் போனால்தான் சூடாகக் கிடைக்கும். அம்மாவுக்குச் சைவம் என்பதால் கோயில் பக்கத்துச் சைவக் கடைகளிலேயே அவருக்கு ஏற்பாடு செய்தோம், ஒரு குறையும் இல்லை.

மாலையில் டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போங்கள். அங்கே உல்லாசப் பயணிகளைவிட ஊர்க்காரர்கள்தான் அதிகம். வேலை முடிந்து வந்த குடும்பங்கள், பந்து விளையாடும் பையன்கள், பர்தாவோடு கால் நனைக்கும் பெண்கள், சிங்களக் குடும்பங்கள், எல்லோரும் ஒரே மணலில். தள்ளுவண்டியில் இறால் வடை பொரிப்பார்கள். பருப்பு வடையின் முகத்தில் முழு இறால்களைத் தலையோடு பதித்து எண்ணெயில் விடுவது. பொரித்து வைத்திருப்பதை வாங்க வேண்டாம், “இப்ப போடுறதில தாங்க அண்ணே” என்று கேட்டு நின்று வாங்குங்கள். வெங்காயமும் மிளகாய்ச் சாறும் மேலே போட்டுக் காகிதத்தில் தருவார். இறாலின் தலை மொறுமொறு என்று உடையும்போது அதன் வாசம் வாய் முழுக்கப் போகும். குளிப்பதற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குடா நல்லது. ஆனால் எந்த இடத்தில் குளிக்கலாம் என்று ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டே இறக்குங்கள். மலையில் வளர்ந்த நமக்கு அலையைப் படிக்கத் தெரியாது.

புறாத்தீவுக்கு ஒரு காலையை முழுதாக ஒதுக்குங்கள். டவுனிலிருந்து நிலாவெளி பதினைந்து கிலோமீற்றர் அளவில், பஸ் ஓடுகிறது. அங்கிருந்து தீவு கரைக்கு ஒரு கிலோமீற்றர்தான், படகில் ஏறி இறங்குவதற்குள் வந்துவிடும். 2003 முதல் அது தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் தனி, படகுக் கூலி தனி. கூலி ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, முழுப் படகுக்குத்தான் காசு. ஆகவே கரையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு பேசிச் சேர்ந்துகொண்டால் பாதியாகிவிடும். நாங்கள் காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்தோம். அந்த அக்கா கொண்டுவந்த தொதல் துண்டுகளைப் பிள்ளைகள் படகிலேயே முடித்துவிட்டார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், உள்நாட்டவர் கட்டணத்துக்கு அது தேவைப்படும்.

தீவுக் கரையில் மணலைவிட உடைந்த பவளக் கற்களே அதிகம், கால் கிழியும். ரப்பர் செருப்போ துணிச் சப்பாத்தோ அவசியம். கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வாடகைக்குக் கிடைக்கும்; முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டு நின்றால் சரி, வழுக்கினால் தண்ணீர் புகும், வேறு கேளுங்கள். நீந்தத் தெரியாத எனக்கு மிதவைச் சட்டை போட்டுவிட்டு, படகுக்கார நானா ஒரு கயிற்றைக் கையில் கொடுத்தார். “தங்கச்சி, கீழே காலை ஊன்ற வேணாம். அது கல் இல்ல, உசிரு,” என்றார்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். கறுக், கறுக் என்று ஏதோ மெல்லும் சத்தம். பார்த்தால் பச்சையும் நீலமுமாக ஒரு கிளிமீன், பவளத்தைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. கொத்திய இடத்தில் வெள்ளைக் கீறல். கொஞ்ச நேரத்தில் அதன் பின்பக்கமிருந்து வெள்ளைப் பொடி புகையாக இறங்கியது. மணல் அப்படித்தான் உண்டாகிறது என்று நானா பிறகு சொன்னார். மகன் ஒரு சின்னச் சுறாவைப் பார்த்துவிட்டுக் கத்தினான். செட்டை நுனி கறுத்த அந்தச் சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரில் சுற்றும், ஆளைக் கண்டால் அவைதான் விலகிப் போகும். பத்து மணிக்குள் திரும்பிவிட்டோம். அப்போது கரையில் அடுத்த கூட்டம் நின்றது, தண்ணீரும் கலங்க ஆரம்பித்திருந்தது. பிளாஸ்டிக் பையும் போத்தலும் தீவுக்குக் கொண்டுபோகாதீர்கள். வெறும் முதுகோடு மிதக்காதீர்கள். சட்டை போட்டே இறங்குங்கள், தண்ணீருக்குள் வெயில் சுடுவது தெரியாது, இராத்திரிதான் தெரியும்.

கன்னியா வெந்நீர் ஊற்று டவுனிலிருந்து அநுராதபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம். சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் அந்தியக் கிரியைக்காக இராவணன் ஏழு இடத்தில் வாளை ஊன்றித் தண்ணீர் எடுத்தான் என்பது கதை. இன்றும் தமிழர்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அங்கே வருகிறார்கள். இறங்கிக் குளிக்கும் இடமில்லை, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான். மாற்றுடுப்பு வேண்டும், சவர்க்காரம் கூடாது. விடிகாலைதான் நேரம்; பகல் வெயிலில் வெந்நீரை யார் ஊற்றிக்கொள்வது? அம்மா ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினார். அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கை தண்ணீர் விட்டார். திரும்பும்போது முழங்கால் இலேசாக இருக்கிறது என்றார்.

என் துறைமுகத்துக்கு வருகிறேன். கடற்படைத் தளம் இருப்பதால் எல்லா இடத்துக்கும் போக முடியாது. படம் எடுக்கக் கூடாது என்று பலகை போட்ட இடத்தில் எடுக்கவும் கூடாது. ஆனால் உள்துறைமுக வீதியில் மாலையில் நடக்கலாம், அது போதும். இத்தனை பெரிய தண்ணீர் ஓர் அலைகூட இல்லாமல், சுற்றிலும் பச்சைக் குன்றுகளோடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் இதற்காகத்தான் அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இதற்காகத்தான். அப்போது தாக்கப்பட்ட சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் பல இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. நிலாவெளி போகும் வழியில் உப்புவெளியில் யுத்த மயானம் இருக்கிறது, திரும்பும்போது கொஞ்ச நேரம் இறங்குங்கள். கல்லில் இருக்கும் வயதுகளைப் பிள்ளைகள் வாசித்துப் பார்க்கட்டும்.

அந்த வீதியில் நின்றபோது, தெற்கே விரிந்து கிடந்த கொட்டியாற்றுக் குடாவைக் காட்டி மகளிடம் ஒன்று சொன்னேன். மகாவலி அங்கேதான் கடலில் சேர்கிறது. அந்த ஆறு ஹட்டன் மேட்டு நிலத்தில் பிறந்து, கொத்மலை வழியாகக் கண்டியைச் சுற்றி, 335 கிலோமீற்றர் ஓடி இங்கே வருகிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே ஓடும் ஓடையின் தண்ணீரும் இதில் இருக்கிறது. “அப்ப நமக்கு முன்னாலயே நம்ம தண்ணி இங்க வந்திருச்சா அம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சேர் அன்று அந்தக் குடாவை வரைந்தபோது இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், ஆற்றோடு சேர்த்து முழுப் படத்தையும் மனதில் வைத்திருந்திருப்பேன். நீங்கள் மலைநாட்டுப் பிள்ளைகளோடு போனால் தயவுசெய்து இதைச் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் அந்த ஊரை அந்நியமாகப் பார்க்க மாட்டார்கள்.

கடைசி நாள் கிண்ணியாவுக்குப் போனோம், எருமைத் தயிருக்காக. முன்பெல்லாம் குடாவின் அந்தக் கரைகளுக்குப் போக லாஞ்சையும் பாதைப் படகையும் நம்ப வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பஸ் நேராகப் போகிறது. கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளப் பாலம். ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். தயிரை மண்சட்டியில் வாங்கி அங்கேயே கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடுவதுதான் சிறப்பு. கரண்டியால் வெட்டினால் துண்டாக நிற்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் விடக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கிளம்பும் நாள் காலையில் உறைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். சட்டியின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டச் சொல்லி, மடியில் வைத்துக்கொண்டு போனால் கண்டி வரைக்கும் புளிக்காது. அதற்கு மேல் வேண்டாம். கருவாடு என்றால் கவலையில்லை. நன்றாகக் காய்ந்ததா என்று வளைத்துப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் துணிப் பையில் போடுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் பையிலும் அதுதான் இருக்கும். கண்டி பஸ்ஸில் இடம் வேண்டுமானால் நிலையத்திலிருந்து கிளம்புமுன்பே ஏறிவிடுங்கள். வழியில் ஏறினால் தம்புள்ளை வரை நிற்க வேண்டிவரும். அம்மாவுக்கு முன் சீட் கிடைத்தது. கந்தளாய் தாண்டுமுன்பே, அடுத்த வருடம் தம்பலகாமம் ஆதிகோணேச்சரத்துக்கும் வெருகல் முருகனுக்கும் போக வேண்டும், அதற்கு இப்போதே காசு சேர்க்கத் தொடங்கு என்று சொல்லிவிட்டார்.